வாப்பா கட்டிய நரம்பு

கண்டி நகரக் கடையொன்றில் புதிய டென்னிஸ் ரக்கெட்டை என் கையில் தந்தார் கடைக்காரத் தம்பி. "முழுக்க கார்பன் சேர். பந்து படுற அதிர்வு கைக்கு ஏறாது." நான் நரம்புகளை உள்ளங்கையால் தட்டினேன். அந்தச் சத்தம் என்னைக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனது.

எங்களில் மூத்தவள் ராத்தா. அவளுடைய ரக்கெட் மரத்தாலானது. மழைக்காலத்தில் கோணிவிடாமலிருக்க, திருகாணி போட்ட சட்டத்துக்குள் இறுக்கி அலுமாரி மேல் வைப்பாள். கிட்டப் போனாலே வார்னிஷ் மணக்கும். "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இந்த வெளாட்டு?" என்று வாப்பா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

பாடசாலை இறுதிப் போட்டிக்கு முதல்நாள் நரம்பு அறுந்துவிட்டது. ராத்தா சாப்பிடாமல் அழுதாள். வாப்பா வெளியே போய்த் தூண்டில் நூல் வாங்கிவந்தார். கதிரையில் அமர்ந்து, பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினார். பிறகு தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

மறுநாள் ராத்தா தோற்றாள். திரும்பும் வழியில் அவள் தலை நிமிரவேயில்லை. வாப்பா ரக்கெட்டை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"பிழ நான் கட்டின நூல்ல மகள். ஒங்கட கையில இல்ல."

"யாருக்கு சேர், மகனுக்கா?" என்று கேட்டார் கடைக்காரத் தம்பி.

"எங்கட ராத்தாவுக்கு. பேத்தியோட வெளாடப் போறாவாம்."