மூன்றாவது செராபியோன்

எங்கள் நைல் கரை ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஒரு செராபியோன் தலையில்தான் விழும். செராபிஸ் என்ற பழைய சாமியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. சாமியைக் கோயிலோடு சேர்த்து இடித்துத் தள்ளிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டவர்கள், பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஆயர் பதவிக்குப் பேர் அடிபட்ட துறவி ஒரு செராபியோன். அவரைத் திட்டியே பேர் வாங்கிய தத்துவவாதி இன்னொருவர். கருவாடு விற்கும் செராபியோனை யார் சீந்தினார்கள்? தெர்மூதி என்ற விதவை சீந்தினாள். அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அதற்குள் பழைய ஆயர் கண்ணை மூடினார். புதிய ஆயராகத் துறவியைப் பிடித்துவரக் கூட்டம் கிளம்பியது. பதவி வேண்டாமென்று ஓடி ஒளிவதுதானே மரியாதை? துறவியும் ஒளிந்திருந்தார், சந்தைக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. ஆனால் அவரை முன்பின் பார்த்திராத வெளியூர்க்காரர்கள் "செராபியோன்!" என்று கத்த, சந்தையில் இருந்த கருவாட்டுக்காரன் திரும்பிப் பார்த்துத் தொலைத்தான். அப்படியே தூக்கிவிட்டார்கள்.

"ஐயா, அந்த ஆள் நான் இல்லய்யா!"

"பாத்தீங்களா அடக்கத்த!"

"என் மேல நாத்தம் அடிக்குதே, தெரியல?"

"குளிக்காத தவசின்னா சும்மாவா!"

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குய்யா!"

"திருச்சபையோடதானே சாமி!"

ஆயர் நாற்காலியில் உட்கார வைத்து, "தகுந்தவர்! தகுந்தவர்!" என்று முழங்கினார்கள். தினமும் அவன் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தானியக்கிடங்கு அதிகாரி வந்து அவன் கையை முத்தமிட்டார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு தெர்மூதி வந்து நின்றாள்.

"யோவ், எறங்கி வா. வீட்டுக்குப் போவோம்."

இறங்கியிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. அவன் கூட்டத்தைப் பார்த்தான், அதிகாரியின் குனிந்த தலையைப் பார்த்தான்.

"கொஞ்சம் இரு, தெர்மூதி" என்றான்.

அவள் இருக்கவில்லை.

யாரும் தேடி வராத கடுப்பில் துறவியே அங்கு ஓடிவந்து, "எனக்குப் பதவி வேண்டாம்! என்னைத் தேடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஊர்க்காரர்களுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. கருவாட்டுக்காரனை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டார்கள். மன்னிப்பு கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் நேராக அவள் வீட்டுக்கு ஓடினான். கதவு சாத்தியிருந்தது.

"கொஞ்ச நேரம்தானே இருக்கச் சொன்னேன், தெர்மூதி?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அழுதிருந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போக எம் மொதல் புருஷன் செத்தே போக வேண்டியிருந்துச்சு. உனக்கு ஒரு நாற்காலி போதுமாயிருந்துச்சு."