அண்ணன் பின்பக்கமாக வரைந்த பேஸ் கிட்டார்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் என் அண்ணனை அறிந்தவர்கள். சிலருக்கு அவர் ஆலயத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். சிலருக்கு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து கொடுத்தவர். எனக்கு அண்ணன். அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். அவர் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், நாற்காலிகளை எடுத்துப் போட்டேன், அதே மாதிரி இதையும் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டுமே என்னால் முடியும்.

அண்ணன் பிறந்தது தாம்பரத்தில். அப்பா பள்ளியில் கணக்கு ஆசிரியர். இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தபோது அம்மா தவறிவிட்டார்கள். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அண்ணன். முதல் நாள் பின்னல் கோணிக்கொண்டு நின்றது. "யாராவது கேட்டா ஃபேஷன்னு சொல்லு" என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

ஆலயத்தின் வாலிபர் இசைக்குழுவில் எல்லோரும் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் போட்டி போட்டபோது, யாரும் தொடாத பேஸ் கிட்டாரை அண்ணன் எடுத்துக்கொண்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் ஓசை அதனுடையது. அது நின்றுபோனால்தான் அதுவரை இருந்தது என்பதே பலருக்குத் தெரியும்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். பல வருடம் கணினியில் கார் கதவுகள் வரைந்தார். அந்த மென்பொருளிலேயே ஓய்வு நேரத்தில் ஒரு பேஸ் கிட்டாரை வரைந்து பார்த்ததுதான் தொடக்கம். மரத்தின் எடையைக் கொடுத்தால் கருவி எங்கே கனக்கும், தோளில் தொங்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றார்.

"கார் கதவு வரைஞ்சா மாசம் பொறந்தா சம்பளம் வரும். கிட்டாருக்கு யாருடா வருவா?" என்றார் அப்பா.

"வருவாங்கப்பா."

அப்பா அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. பிறகு நாங்கள் குடிவந்த சிட்லபாக்கம் வீட்டில் அப்பாவும் அண்ணனும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். மாடியில் இருந்த வேலை அறைக்கு மட்டும் அப்பா ஏறவே மாட்டார்.

முதல் வருடங்கள் சிரமமாகத்தான் போயின. அண்ணி அலுவலகம் போய்க்கொண்டிருந்ததால் வீடு ஓடியது. முதல் கிட்டார் ஒரு மழைக்காலத்தில் கழுத்து வளைந்து திரும்பி வந்தது. அண்ணன் அதை ஒளித்து வைக்கவில்லை. தன் எதிரிலேயே சுவரில் மாட்டிவைத்தார். பிறகு ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேரை, "உங்களுக்குப் புதுசு வேணாங்க. இருக்கறதையே செட் பண்ணித் தரேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஈட்டி மாதிரி கிட்டார் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். அண்ணன் அதை அப்படியே வரைந்து, நாற்காலியில் ஓர் ஆளையும் வரைந்து உட்காரவைத்து, கூர்முனை எங்கே குத்தும் என்று காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே சாதாரண வடிவத்துக்கு ஒப்புக்கொண்டார்.

பொழிச்சலூரிலிருந்து ஜாய்ஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஆலயத்தில் அண்ணனுக்குப் பிறகு பேஸ் வாசிப்பவள். பள்ளி ஆசிரியை, சிறிய உருவம். கடையில் வாங்கிய கருவியின் கனத்தில் தோள்பட்டை போய், வாசிப்பதையே விட்டுவிடலாம் என்று இருந்தாள். அண்ணன் அவளுடைய கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்துகொண்டார். "உன் உடம்புக்குத்தான் கிட்டார். கிட்டாருக்கு உன் உடம்பு இல்ல" என்றார்.

அந்தக் கருவியை வரையத் தொடங்கிய சில வாரங்களில் அண்ணன் தட்டில் இடப்பக்கத்துச் சோற்றை அப்படியே மிச்சம் வைத்தார். பசி இல்லை என்று நினைத்தோம். ஒரு ஞாயிறு மதியம், "முடிஞ்சுது, வந்து பாரு" என்று அண்ணியைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

கிட்டாரின் உடலில் கழுத்துக்கு இருபுறமும் நீண்டிருக்கும் முனைகளைக் கொம்பு என்பார்கள். மேல்கொம்பில்தான் தோள்வாரை மாட்டுவார்கள். திரையில் கழுத்து மேலாக நின்ற கிட்டாருக்கு வலப்பக்கத்துக் கொம்பு அழகாக இருந்தது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ரொட்டியைப் பிய்த்தது போல நின்றுவிட்டிருந்தது.

"ஏங்க, மேல்கொம்பு எங்க? வார எங்க மாட்டுறது?" என்று அண்ணி கேட்டார்கள்.

"அதான் இருக்கே."

"எங்க?"

அண்ணன் வலப்பக்கத்துக் கொம்பைத் தொட்டுக் காட்டினார். அவர் விளையாடவில்லை.

மூளையின் வலப்பக்கத்தில் கட்டி என்று மருத்துவர் சொன்னார். கண்ணில் குறை இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடுகிறது என்றார். அறுவை சிகிச்சை நடந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லை. எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். மாதங்கள் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜாய்ஸ் பார்க்க வந்தாள். "அவசரமே இல்லண்ணா. நல்லா ஆனதும் பாத்துக்கலாம்."

"நல்லா ஆக மாட்டேன்மா. இப்பவே பாப்போம்" என்றார் அண்ணன்.

ஆனால் திரைமுன் உட்கார்ந்தால் மறுபடி அதே கதைதான். எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். ஒரு நாள் அண்ணி சுட்டியை வாங்கி, அந்தக் கிட்டாரைத் திரையில் அப்படியே பின்பக்கமாகத் திருப்பினார்கள். இடப்பக்கம் வலப்பக்கமானது. அண்ணன் முன்னால் குனிந்தார்.

"ஐயோ. கொம்பே இல்லயே."

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஆபரேஷனுக்கு முன்னாடிலேர்ந்து."

அண்ணி திருப்பக் கை நீட்டியபோது, "வேணாம், இப்படியே வை" என்றார். அன்றிலிருந்து அந்த பேஸ் கிட்டாரைப் பின்பக்கத்திலிருந்துதான் வரைந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பச் சொல்வார், மறுபக்கம் பார்ப்பார், மறுபடி திருப்பச் சொல்வார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை ஒரு வாரம் எடுத்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மென்பொருளின் கட்டளைகள் திரையின் இடது ஓரத்தில் இருக்கும். அவை அவருக்குத் தெரியவே தெரியாது. அண்ணி அலுவலகம் போன ஒரு காலையில் அப்பா மாடி ஏறினார். நடந்ததைப் பிறகு அவர்தான் சொன்னார். இடப்பக்கம் உட்கார்ந்தார். அண்ணன் அவரைக் கவனிக்கவே இல்லை. அப்பா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வலப்பக்கம் போட்டுக்கொண்டார்.

"அப்பா, எப்ப வந்தீங்க?"

"இப்பதான். நான் படிக்கிறேன், நீ வரை. எக்ஸ்ட்ரூட்னு போட்டிருக்கு. அதா?"

"அது இல்லப்பா. அதுக்குக் கீழ."

"ஃபில்லட். இது முள்ளெடுத்த மீனாச்சேடா."

அண்ணன் சிரித்தது கீழே சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது.

மேல்கொம்பு முடிந்தது. மரத்தை இயந்திரத்தில் வெட்டிக் கொடுக்கும் பம்மல் பாஸ்கரிடம் வரைபடத்தை அனுப்பினோம். "மத்த வேலைலாம் அப்பால பாத்துக்கலாம், சாரோடது மொதல்ல" என்று அவர் கையிலிருந்ததை நிறுத்திவிட்டு அதை வெட்டினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், கம்பிகள் எல்லாம் பொருத்த அண்ணனுடைய நண்பர்கள் வந்தார்கள்.

ஜாய்ஸ் அதை மாட்டிக்கொண்டு அவர் கட்டிலுக்கு வலப்பக்கமாக நின்றாள். வாசிக்கப் போனவளை அண்ணன் தடுத்தார்.

"வாசிக்காத. ரெண்டு கையையும் எடு."

எடுத்தாள். கழுத்துப் பக்கம் கனத்த பேஸாக இருந்தால் கை எடுத்ததும் அதன் தலைப்பகுதி தரையைப் பார்த்துத் தொங்கிவிடும். இது அசையவில்லை. அவள் தோளில் படுக்கைவாட்டில் அப்படியே நின்றது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்" என்றார்.

அதற்குப் பிறகு அதிகம் தூங்கினார். ஒரு காலை, அப்பா ஜெபித்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. அண்ணி ஒரு கையைப் பிடித்திருந்தார்கள். நான் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அறுவை சிகிச்சையின்போது இரத்தம் கொடுத்தவர்களுக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தினமும் யாராவது ஒருவரை அனுப்பிய சபையாருக்கும், பாஸ்கர் அவர்களுக்கும், அண்ணனின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

அடக்க ஆராதனையில் ஜாய்ஸால் வாசிக்க முடியவில்லை. அதன்பின் பல மாதம் அவள் ஆலயத்தில் பாட மட்டும் செய்தாள். போன ஞாயிறு அந்த பேஸைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் பாட்டில் சேர்ந்துகொண்டாள். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் பலகை மெல்ல அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் எழவில்லை. பாட்டு முடியும்வரை பலகையில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தேன்.

அன்புத் தங்கை