சத்தியத்துக்காக நிறுத்திய மாத்திரை

காரைக்காலில் மதுக்கடை இல்லாத தெரு வழியாக மருத்துவமனைக்குப் போவது பெரிய நிர்வாகச் சிக்கல். நான் வருவாய்த்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரின் வரைபடம் எனக்கு மனப்பாடம். அப்படியும் எங்கள் வீடு இருக்கும் கோவில்பத்திலிருந்து ஒரு வழி அமையவில்லை. அதனால் கடைகள் திறக்கும் முன்பே என் மகன் முரளியை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்விடுவேன்.

மருத்துவமனை மாடி வராந்தாவில், நோயாளியைக் கூட்டிவரும் என்னைப் போன்றவர்களுக்குப் பெஞ்சு. கதவுக்குள்ளே குழு சிகிச்சை. குடியும் மனநோயும் சேர்ந்தே இருப்பவர்கள் காலை முழுவதும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். மதியம் வீடு திரும்பலாம். நோயாளியை வெளியே விட்டுக்கொண்டே வைத்தியம் செய்வது எனக்கு முதலில் விதிமீறலாகவே பட்டது. ஆனால் முரளி முன்பு ஒருமுறை வார்டில் தங்கித் தெளிந்து வந்து, வீடு சேரும் முன்பே குடித்தவன். வாழப்போவது இந்த ஊரில் என்றால் இங்கேயே பழகத்தான் வேண்டும்.

அவனுக்கு இருதுருவ மனநோய் (மனம் சில வாரம் கட்டுக்கடங்காமல் பொங்கும், சில வாரம் எழ முடியாமல் கிடக்கும்). பொங்கும்போது அடங்குவதற்காகக் குடித்தான். கிடக்கும்போது எழுவதற்காகக் குடித்தான். மனநிலையைச் சமன்படுத்த மாத்திரைகள் கொடுத்தார்கள். அவை மந்தத்தையும் தலைச்சுற்றலையும் கூடவே கொடுத்தன.

குழுவில் சேர்ந்த சில வாரங்களில், என் மனைவி சரோஜா அவனைச் சுரக்குடியில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார். புத்தியை மயக்கும் எதையும் தொடமாட்டேன் என்று முரளி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் குடிப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்வதுதான். பெரும்பாலும் கயிறு நைவதற்குள் சத்தியம் நைந்துவிடும்.

முரளி காப்பாற்றினான். குழுவில் கைதட்டினார்கள். வீட்டில் ஒட்டடை அடித்தான், கொல்லையைக் கொத்தி வெண்டை போட்டான், ஓயாமல் பேசினான், எங்களைச் சிரிக்க வைத்தான். சரோஜா பாயசம் வைத்தாள். நோயின் அறிகுறிகளை வரி விடாமல் படித்திருந்த நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வாரம் ஒரு நாள் குடும்பத்தாரும் வட்டத்தில் உட்கார வேண்டும். குழுவை நடத்தும் உளவியலாளர் வசந்தி, முரளி பேசுவதைச் சற்றுநேரம் கேட்டார்.

"தூங்குறீங்களா முரளி?"

"தூக்கம் எதுக்குங்க மேடம்? நல்லாத்தானே இருக்கேன்."

"மாத்திரை?"

"அது போட்டா தலை கிறுகிறுன்னு வருது மேடம். குடிச்ச மாதிரியேதான் இருக்கு. சாமி முன்னாடி சொல்லிட்டேன்ல, அதையும் விட்டுட்டேன்."

குழுவில் அஞ்சப்பன் என்று ஒருவர், மண்டபத்தூர் மீனவர். "நாங்கள்லாம் சத்தியத்துல எங்க சந்து இருக்குன்னு தேடுவோம். இவரு இருந்த சந்தையும் அடைச்சிட்டாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மருத்துவர் சொல்லியும் முரளி மாத்திரையைத் தொடவில்லை. ஆணையைத் திருத்த வேண்டுமென்றால் அது பிறந்த இடத்துக்குத்தான் போகவேண்டும். அன்று மாலையே மாத்திரைகளோடு சுரக்குடிக்குப் போனேன். பூசாரி பதறிவிட்டார். "மருந்தை யாருங்க விடச் சொன்னா? கொண்டாங்க, சாமி காலடியில வச்சுத் தர்றேன். பிரசாதம்னு சொல்லிக் குடுங்க." என் பணிக்காலத்தில் எந்தத் திருத்தாணையும் இவ்வளவு விரைவாகக் கிடைத்ததில்லை.

விபூதிப் பொட்டலத்தோடு திரும்பியபோது சரோஜா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தனக்குக் களைப்பே கிடையாது, கடலில் நீந்திக் காட்டுகிறேன் என்று முரளி அவள் கையை உதறிவிட்டுப் போயிருந்தான். மண்டபத்தூர்க் கரைக்கு அப்பால், வலை போடப் போனவர்கள் அவனைத் தூக்கி வந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் புகுந்திருந்தது. பிழைத்தான். பிறகு வந்த இறக்கம் மாதக்கணக்கில் நீண்டது. சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். இத்தனையிலும் ஒரு சொட்டு குடிக்கவில்லை.

இதே பெஞ்சில் உட்காரப்போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. குடி நின்றதா என்று மட்டும் பார்க்காதீர்கள். தூங்கினானா என்றும் பாருங்கள். மாத்திரை தலையைச் சுற்றவைத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற அவருக்குத் தெரியும். சத்தியம் வாங்கினால், மருந்து நீங்கலாக என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது மறுபடி குழுவுக்கு வருகிறான். விபூதியோடு மாத்திரை விழுங்குகிறான். அவன் தூங்கினால் எனக்கு இரவு, எழுந்தால் பகல். என் உடம்பு என்னுடைய பசியைவிட அவனுடைய மூச்சை முதலில் கேட்கிறது.

போன வாரம் வராந்தாவில் அஞ்சப்பன் ஏதோ சொல்ல, முரளி வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. பேச்சு வேகமாக இருக்கிறதா, கண் பளபளக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"சும்மாதான் சிரிச்சேன்ப்பா" என்றான். "ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

அதற்குள் முகத்தில் சிரிப்பு இல்லை.