நாலாம் மாடி ரீங்காரம்

திருவனந்தபுரத்தில் மார்கழி பெரிய குளிர் ஒன்றுமில்லை. விடிகாலையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவோம். வெயில் ஏறியதும் துண்டு தோளுக்கு இறங்கிவிடும். எனக்கு அந்தக் குளிரே அதிகம். ஆரியசாலையில் மல்லியும் வற்றல் மிளகாயும் மொத்தமாக விற்கும் கடை என்னுடையது. வருடமெல்லாம் மூக்கில் ஏறிய தூசி, பனி விழத் தொடங்கியதும் நெஞ்சில் இருமலாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு குளிர்காலத்தில் அது நிமோனியாவாகி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, வாயை மூடி, மூக்கு வழியா ம்ம்முன்னு நீளமா மூளணும். நெஞ்சு அதிரணும். சாயங்காலம் மெதுவான பாட்டு கேளுங்க. மனசு அடங்கினா நல்ல உறக்கம் கிட்டும். உறக்கம் இருந்தா ஒடம்புக்கு எதிர்ப்புசக்தி தானே வரும்."

"அப்போ மருந்தைக் குறைக்கலாமா?"

"அய்யோ, வேண்டா! மருந்தும் வேணும், தடுப்பூசியும் வேணும். இது கூட ஒரு துணை, அவ்வளவுதான்."

பாட்டு கேட்பதில் சிரமமில்லை. கடையிலிருந்து வந்ததும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டேன், உறக்கமும் வந்தது. ரீங்கரிப்பதுதான், இங்கத்துப் பேச்சில் மூளுவதுதான், முடியவில்லை. கோயிலில் எல்லோரும் நாமம் சொல்லும்போதுகூட உதட்டை மட்டும் அசைக்கிற ஆள் நான். என் குரல் எனக்கே பிடிக்காது. கடையில் விலை சொல்ல ஆகும்; மற்றபடி அது வெளியே வருவதே எனக்குக் கூச்சம்.

ஆனாலும் அடுத்த குளிர்காலம் நெருங்கியதும் பயம் கூச்சத்தை ஜெயித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஊர் எல்லையில், கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகள் என் போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப்பைப் போட்டுக்கொடுத்து, "அச்சா, இதோட சேர்ந்து மூளினா மதி, அது போதும்" என்றாள். விடிந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டு, போனைப் பக்கெட் மேல் வைத்து மூளினேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது, சளி இளகியது. உள்ளே ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாம் மாடியில். எல்லா மாடிக் குளியலறைகளுக்கும் பின்னால் குழாய்கள் இறங்கும் டக்ட் ஒன்று இருப்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் கடையில் இருக்கும்போது குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் போட்டிருந்தார். 'காலைதோறும் இந்த ஒலி. மோட்டார் கெட்டுவிட்டதா?' வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் அதைக் காதில் வைத்துக் கேட்டேன். கரகரவென்று, ஏறாமல் இறங்காமல், ஏதோ இயந்திரம் முனகுகிறது. நடுவில் ஒரு இருமல் வந்ததும்தான் அது நான் என்று புரிந்தது. காது மடல் சுட்டது.

பேரிங் போயிருக்கும் என்றார் ஒருவர். காற்று அடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். நான் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் மூளவும் இல்லை. பேச்சு தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அன்று காலையே குடியிருப்போர் சங்கச் செயலாளர் மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் நின்றது. மனைவி காலிக் குடத்தோடு வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்ச கேட்டியளா, கீழ மோட்டார முழுசாப் பிரிச்சுப் போட்டிருக்கான். பிள்ளையள பள்ளிக்கூடம் அனுப்பத் தண்ணியில்லாம எல்லாரும் நிக்கா. இப்பமாவது போய்ச் சொல்லப்பிடாதா?"

இறங்கிப் போனேன். செயலாளர், டீச்சர், பக்கெட்டோடு பெண்கள், தரையில் மோட்டாரின் உறுப்புகள். "அது மோட்டார் இல்ல. நான்தான்" என்றேன்.

செயலாளருக்குப் புரியவில்லை. "அண்ணாச்சியா? எந்து?"

மூச்சுப் பயிற்சியைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அண்ணாச்சி ஒண்ணு மூளிக் காட்டுங்க. மோட்டார் இல்லன்னு உறப்பாயிட்டா இவரு திரும்பப் பூட்டிடலாமே."

அத்தனை பேருக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு மூளினேன். நடுங்கி நடுங்கித்தான் வந்தது. "இது தன்னே!" என்றார் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அந்த ஒலி பாதியில் இருமலாக முறிந்தது. படியேறும்போது வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் டீச்சர் வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சுகமில்லாத ஆளுன்னு தெரிஞ்சா குரூப்பில் போட்டிருக்க மாட்டேன். எனக்கு நாணக்கேடாப் போச்சு."

நானும் செருப்பு வைக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல டீச்சர், தப்பு என் மேலதான்" என்றேன்.

"நிறுத்தாதீங்க. இத்திரி வெளுத்த பிறகு, வெயில் வந்திட்டு செய்தா மதி." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் மழைக்கும் மஞ்ஞுக்கும் வலிவு உண்டு. அது எப்படின்னு ஒண்ணு காட்டித் தருவீங்களா?"

மஞ்ஞு என்று இங்கே பனியையும், வலிவு என்று மூச்சிரைப்பையும் சொல்வார்கள். மூளிக் காட்ட எனக்குக் கூச்சம். அப்போது பின்னாலிருந்து மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்து, நேராக, சுத்தமாக, நீளமாக ஒரு ரீங்காரம் விட்டாள். தினமும் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. என் குரலை மறைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஜலதோஷம் வந்தது. மூக்கோடு நின்றது, நெஞ்சுக்கு இறங்கவில்லை. ஊசியா, கடையில் கட்டிக்கொண்ட முகக்கவசமா, நல்ல உறக்கமா, ரீங்காரமா என்று டாக்டரிடம் கேட்டேன். "எதையும் விட்டுறாதீங்க" என்றார். லிப்டில் பார்க்கிறவர்கள், "மோட்டாருக்கு சுகம்தானே அண்ணாச்சி?" என்று விசாரிப்பார்கள். நான் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

மனைவியும் டீச்சரும் இப்போது மொட்டை மாடியில், இளவெயிலில் சேர்ந்து மூளுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு நாள் கடைசிப் படி வரை ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு குரல்களும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டன. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.