பறவை மாதங்களில் பி.டி. பீரியட்

விசில் விஷயத்தில் எனக்கு அப்படியொரு பெருமை இருந்தது. செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தபோது, நான் ஊதினால் ரோட்டில் பைக்கில் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் எஃகு விசில். ஒருமுறை ஊதினால் வரிசை, இருமுறை ஊதினால் ஓட்டம், நீளமாக ஊதினால் யாரோ திட்டு வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், டிராபிக் போலீஸ் வேலைதான் பார்த்திருக்கிறேன்.

அரசு வேலை கிடைத்து வேடந்தாங்கல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நான் வந்தது கார்த்திகை மாதத்தில். படாளம் கூட்டுரோட்டில் பஸ் திரும்பியதுமே தூக்கத்துக்குள் இறங்குவது மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல்கள், அவற்றின் மேல் பனி, பனிக்குள் யாரோ ஒருவர் மட்டும் குனிந்து எழுவது தெரியும். கண்டக்டர்கூட அந்தத் திருப்பத்துக்குப் பிறகு குரலைக் குறைத்துக்கொள்வதாக எனக்குத் தோன்றும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் மனமில்லாமல் இறங்குவேன்.

பள்ளியின் மைதானம் ஏரிக்கரைக்கு நேர் கீழே. முதல் நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து, வழக்கம்போல நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஊதினேன். கரைக்கு அந்தப் பக்கம் வானமே பிய்த்துக்கொண்டு எழுந்தது. நாரை, கொக்கு, கூழைக்கடா என்று பெயர் சொல்லிப் பிரிக்க முடியாமல் ஒரே வெள்ளையும் சாம்பலும். ஒரு பிள்ளையும் வரிசைக்கு வரவில்லை. எல்லோரும் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"ஊதாதீங்க டீச்சர். முட்ட மேல உக்காந்துகினு கீது."

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை இருக்கிற மாதங்களில் கல்யாணம் வைத்தாலும் ரேடியோ செட் கட்டுவதில்லை. பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரம் தனியாகப் போட வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். பழகிப்போச்சு என்பது இன்னொரு காரணம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தலைமையாசிரியை. அவர் அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், பேச்சை இழுக்கத் தெரியாதவர். கையை நீட்டினார். விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு, "பங்குனியில வாங்கிக்கோங்க" என்றார். பறவைகள் கிளம்பிப்போகிற மாதம் அது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் மனசுக்குள்ளேயே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். விசில் இல்லாமல் பி.டி. எடுப்பதா? கணக்கு சாரிடம் போய்ச் சாக்பீஸைப் பிடுங்க முடியுமா?

ஒரு வாரம் சும்மா மரத்தடியில் உட்கார வைத்தேன். பிறகு எனக்கே அலுத்துப்போய், வீட்டிலிருந்து ஒரு பச்சைத் துண்டு எடுத்துவந்தேன். துண்டை உயர்த்தினால் தயார், கீழே விட்டால் ஓட வேண்டும். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. கோகோவில் முதுகைத் தொட்டு, காதருகே 'கோ' என்று மெதுவாகச் சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டோம். கபடியில் பாடிப் போகிற பிள்ளை மூச்சுக்குள்ளேயே முனகிக்கொண்டு போவாள், விசில் வருவதற்கு முன்னால் குக்கர் முனகுகிற மாதிரி. உடற்பயிற்சிக்கு நான் 'ஒன், டூ' எண்ணுவதில்லை. எண்ணாவிட்டால் நானே செய்துகாட்ட வேண்டியிருந்தது. பல வருஷம் ஊதியே காலம் தள்ளிய முட்டிகள் முதல் வாரத்தில் என்னைப் பழிவாங்கின.

மார்கழி வந்தபோது அந்த மைதானம் எனக்குக் கனவு மாதிரி ஆகிவிட்டது. காலையில் பனி கரைக்கு மேலிருந்து வழிந்து இறங்கும். அதற்குள்ளிருந்து வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடிவருவார்கள், பாதம் மண்ணில் படுகிற சத்தம் மட்டும் கேட்கும். பனிக்குள் போவார்கள், திரும்பி வருவார்கள். மேலே நாரைகள் குச்சியைக் கவ்விக்கொண்டு போகும், திரும்பி வரும். யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்று, நான் துண்டை உயர்த்தவே மறந்த நாட்கள் உண்டு. இன்னொன்றும் நடந்தது. என் பழைய பள்ளியில் இரைச்சலுக்கு ஒதுங்கி ஓரமாக நிற்கும் ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. இங்கே அந்தக் கூட்டமே இல்லை. துண்டைப் பார்க்கத் தலை தூக்கினால் பக்கத்தில் நிற்பவளையும் பார்த்துத்தான் ஆக வேண்டும், விட்டுவிட்டு ஓட யாருக்கும் மனசு வருவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் இந்த வேலையில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்தச் சந்தோஷத்துக்குத்தான் வேட்டு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் பி.டி. கணக்கு சார் நல்ல மனிதர், ஆனால் அந்த இரண்டு பீரியட் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பிள்ளைகள் பெருக்கலில் திணறுகிறார்கள் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"மழையால தள்ளிப்போன விளையாட்டுப் போட்டி பொங்கல் கழிச்சு மாமல்லபுரம் பக்கம் நடக்குதாம். ஒரு சர்டிபிகேட்டாவது கொண்டாங்க டீச்சர். இல்லன்னா வெள்ளிக்கிழமை கணக்குக்குப் போவும். சத்தமில்லாம நீங்க இன்னா சொல்லித்தர்றீங்கன்னு அவரு கேக்குறாரு, என்னால பதில் சொல்ல முடியல."

கால அட்டவணையில் அந்த இரண்டு கட்டத்திலும் பென்சிலால் 'கணக்கு' என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். நான் கவலைப்படவில்லை. எனக்கு அந்த நெடுநெடு பெண் இருந்தாள். இருநூறு மீட்டரில் அவளைப் பிடிக்க இந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவள் அம்மா விடிவதற்குள் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விடுவார், மகள் தம்பியைக் கிளப்பிவிட்டு, மீதி நேரமெல்லாம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருப்பாள். 'வெள்ளிக்கிழமைய உட்ற மாட்டேன் டீச்சர்' என்று என்னிடம் சத்தியமே செய்தாள்.

போட்டி நடந்த மைதானம் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. தோப்புக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. காணும் பொங்கலுக்கு அப்போதுதான் வந்துபோயிருந்ததால், கடலைப் பற்றிப் பிள்ளைகள் அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களை அசத்தியது சத்தம்தான். மைக், கைதட்டல், எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னைப் போன்ற டீச்சர்கள், ஆளுக்கொரு விசில். என் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

கோகோவில் எங்கள் பிள்ளைகள் சொன்ன 'கோ' நடுவர் காதில் விழவில்லை. ஃபவுல் மேல் ஃபவுல். போனால் போகட்டும், இருநூறு மீட்டர் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

கோட்டில் எட்டுப் பேர் நின்றார்கள். அவள் நடுவில். கிளப்பிவிடுகிறவர் கையில் துண்டு இல்லை, இரண்டு மரப்பலகை இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பலகையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார், வெடி வெடித்த மாதிரி.

ஏழு பேர் ஓடினார்கள். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சுத்தமான நீலம், ஓரத்தில் சவுக்கு மரங்களின் நுனி அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. தலையைக் கீழே இறக்கியபோது அவள் கடைசி ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகத் தாண்டினாள். வளைவு முடிவதற்குள் பாதிப் பேரைத் தாண்டிவிட்டாள். இருந்தும் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. முதல் இரண்டு பேரைத்தான் அடுத்த சுற்றுக்கு எடுத்தார்கள்.

அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட பறக்கல டீச்சர்," என்றாள். "இன்னா ஊரு இது?"

வேனில் திரும்பும்போதுதான் அழுதாள். வெள்ளிக்கிழமை போச்சு, வெள்ளிக்கிழமை போச்சு என்று படாளம் கூட்டுரோடு வரைக்கும் அழுதாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பலகைச் சத்தத்துக்கு அவளைப் பழக்கியிருக்கலாம்தான். ஆனால் எங்கே வைத்துப் பழக்குவது?

வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். கணக்கு சார் உள்ளேயே இருந்தார், கையில் பெரிய ஜியோமெட்ரி பெட்டி. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பலகை அடித்தது, அவள் அண்ணாந்தது, எல்லாம்.

"ஓடாம மேல பாத்தாளா?"

"ஆமா மேடம்."

"மத்த பசங்க?"

"எல்லாரும் பாத்தாங்க. நானும்தான் பாத்தேன்."

கணக்கு சார் சிரித்துவிட்டார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பறந்துச்சா?"

"இல்ல மேடம். அங்க ஒண்ணுமே இல்ல."

"அடப்பாவமே," என்றார். எங்களுக்காகச் சொன்னாரா, அந்த ஊருக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிராயரைத் திறந்து துழாவினார். என் விசில் கறுப்புக் கயிற்றோடு உள்ளே கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ரப்பரை எடுத்து, கால அட்டவணையில் அந்த இரண்டு கட்டத்தையும் அழித்தார். கணக்கு சார் ஏதோ சொல்ல வந்தார்.

"பசங்க நல்லாத்தான் கத்துக்கினு இருக்குதுங்க சார்," என்றார் அவர். டிராயரை மூடும்போது என்னைப் பார்த்து, "விசிலு பங்குனியில" என்றார்.

வெளியே வந்தேன். பிள்ளைகள் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் காத்திருந்தார்கள். அந்த நெடுநெடு பெண் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து உயரத் தூக்கினேன். நோட்டுகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் மைதானத்துக் கோட்டுக்கு ஓடிப்போய் நின்றார்கள். துண்டைக் கீழே விட்டேன்.