மூன்றாம் குரல் வரும்வரை

யாராவது கூப்பிட்டால் நிஸ்தோர் உடனே திரும்பமாட்டார். முதல் குரலுக்கு அவருடைய பெருவிரல் சுட்டுவிரலைத் தொடும். இரண்டாவது குரலுக்கு நடுவிரலை. மோதிரவிரலைத் தொட்ட பிறகுதான் வாயிலிருந்து "என்ன?" என்று வரும். பாராகன் சமவெளியில் குளிர்காலம் முழுக்க எல்லோரும் அப்படித்தான். பனியில் செத்தவர்களுக்கு இரண்டு முறை கூப்பிடத்தான் மூச்சு இருக்கும். அதற்குப் பதில் கொடுத்தவன் குரல் வந்த திசையிலேயே போய்விடுவான். மூன்றாவது குரல்தான் உயிருள்ளவனுடையது.

அவர் மனைவி வெதூத்சாவுக்கு மட்டும் இதிலெல்லாம் பொறுமை கிடையாது. "நிஸ்தோர் நிஸ்தோர் நிஸ்தோர்! களி ஆறிப்போகுது, வாய்யா" என்று ஒரே மூச்சில் கணக்கை முடித்துவிடுவாள்.

ஊர்க் கோயிலில் மணியடிப்பது அவர் வேலை. பனிப்புயல் வந்தால் வழி தவறியவர்களுக்காக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு அடி, பிறகு ஒரு ஜெபம் சொல்லும் நேரம் நிறுத்திக் காது கொடுப்பது, மறுபடி பன்னிரண்டு.

ஐம்பத்து நான்காம் வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, வெதூத்சாவின் தம்பி கிளிகோர் மண்ணெண்ணெய் வாங்கச் சறுக்குவண்டியில் ரயில் நிறுத்தத்துக்குப் போனான். பத்து மணிக்கு வடகிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. உச்சிவேளைக்குள் வேலி இல்லை, கிணறு இல்லை, எதிர்வீட்டுக் கூரை இல்லை. வெள்ளை மட்டும் கிடைமட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

நிஸ்தோர் மணிக்கூண்டில் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். வெதூத்சாவும் பக்கத்து வீட்டு ஸ்தான்குவும் கூடவே ஏறினார்கள்.

"கவலைப்படாதக்கா. அவன் குடிச்சுட்டு வண்டியிலயே தூங்கியிருப்பான். குதிரைக்கு அவனைவிட வழி நல்லாத் தெரியும்" என்றான் ஸ்தான்கு.

"உன் வாயை மூடிக்கிட்டுக் காதைத் தொற."

பல சுற்றுகள் கழிந்தன. பொழுது சாயத் தொடங்கிய நேரம், ஒரு நிறுத்தத்தில் அது கேட்டது. "நிஸ்தோர் மச்சான்!" கம்பளிக்குள் முகம் புதைத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல. பெருவிரல் நகர்ந்தது. "நிஸ்தோர் மச்சான்!" மறுபடி நகர்ந்தது. பிறகு காற்று.

"என் தம்பி!" வெதூத்சா ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

ஸ்தான்கு சிலுவை போட்டுக்கொண்டான். "ரெண்டுதான்க்கா. செத்தவனும் அதே குரல்லதான் கூப்பிடுவான். பதில் குடுத்துடாதீங்க."

"அவனுக்கு மூச்சு முட்டுது. நீ எண்ணிக்கிட்டு நிக்கிறியா?"

நிஸ்தோர் அடித்தார். நிறுத்தினார். மறுபடியும் இரண்டு குரல். கிட்ட வரவும் இல்லை, தேயவும் இல்லை.

"வர்றவன் குரல் நெருங்கணும்ல?" ஸ்தான்குவின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "இது நின்ன எடத்துலயே நிக்குது."

இரண்டாவது குரல் அடங்கியதுமே நிஸ்தோரின் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. சுற்றுக்குச் சுற்று நிறுத்தம் குறுகியது. மூன்றாவது குரலுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. குரல் கேட்கத் தொடங்கிய ஐந்தாம் சுற்றில் வெதூத்சா பதில் கொடுக்க வாய் திறந்தாள். நிஸ்தோர் அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினார். அவள் கடித்தாள். ரத்தம் வந்தும் அவர் கையை எடுக்கவில்லை.

இருட்டும் முன் ஒரு நிறுத்தத்தில் ஒரே ஒரு குரல் வந்தது. அடுத்ததில் எதுவும் வரவில்லை.

மூன்று நாள் கழித்துக் காற்று நின்றது. மணிக்கூண்டிலிருந்து எண்பது அடி தூரத்தில், கிணற்று ஏற்றமரத்தைக் கட்டிப்பிடித்தபடி கிளிகோர் இருந்தான். வாய் திறந்திருந்தது. குதிரையையும் வண்டியையும் எங்கே தோண்டியும் காணவில்லை.

வெதூத்சா ஒரு வார்த்தை திட்டவில்லை. நிஸ்தோரின் உள்ளங்கைக் காயத்துக்கு அவளே பன்றிக்கொழுப்பு தடவிக் கட்டுப்போட்டாள். அவருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் பாதை திறந்தபோது, ரயில் நிறுத்தக் காவலர் கிளிகோரின் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார்.

"லாயத்துல பத்திரமா வெச்சிருந்தேன். காத்து ஆரம்பிக்கும்போது அவன் என் அடுப்போரமாத்தான் உக்காந்திருந்தான். ரெண்டு நாளானாலும் இங்கயே கெடன்னு சொன்னேன், சரின்னுட்டான். அப்புறம் உங்க மணி கேட்டுச்சு. வண்டி கட்டப் பாத்தான், குதிரை அந்தக் காத்துல எறங்கலை. 'மச்சான் எனக்காக அடிக்கிறாரு. நான் போய்ச் சேராம அவரு கயித்தை விடமாட்டாரு'ன்னு எந்திரிச்சு நடந்துட்டான்."