தங்கை ஓட்டும் பேருந்து

காலை ஆறே முக்காலுக்குக் கிருஷ்ணகிரியில் பெங்களூரு வண்டி ஏறினோம், நானும் தர்ஷினியும். தர்ஷினி என் தங்கை கவிதாவின் மகள், பதினாறு வயது. சந்தாபுராவுக்கு ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது.

கவிதா பெங்களூரு நகரப் பேருந்தில் ஓட்டுநராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் ஓட்டும் வண்டியில் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் ஆசை. அவளுடைய ஆசை வேறு. பள்ளி திறப்பதற்குள் மகளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும்.

சூளகிரி தாண்டியதும் தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

"பெரியம்மா, நான் அங்க இருக்கப் போறதில்ல. நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"அத நீதான்டி சொல்லணும்" என்றேன்.

கணவன் விட்டுப்போனபோது கவிதாவின் கையில் ஆறு வயதுக் குழந்தை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. "ஒரு வருஷம் பாத்துக்கோக்கா" என்று தர்ஷினியை என்னிடம் விட்டுவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆட்டோ ஓட்டினாள், கனரக வண்டிக்கு உரிமம் வாங்கினாள், பேருந்து ஓட்டுநர் தேர்வுக்குப் போனாள். வண்டியைப் பின்னால் எடுக்கும் சோதனையில் தோற்றாள். அடுத்த முறை கன்னடம் சரளமாகப் படிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடம் என்றது பத்து வருடமாயிற்று.

எட்டே முக்காலுக்குச் சந்தாபுராவில் இறங்கினோம். மேம்பாலத்தின் கீழே சிவாஜிநகர் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் காக்கிச் சட்டையில் கவிதா. எங்களைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், கூட்டத்தைப் பார்த்தோ என்னவோ, தோளை மட்டும் தொட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

நடத்துநர் எங்கள் ஆதார் அட்டையைப் பார்த்தார். "கர்நாடகா அட்ரஸ் இருந்தா லேடீஸுக்கு ஃப்ரீம்மா. உங்களுது தமிழ்நாடு, டிக்கெட் எடுக்கணும்."

"அடுத்த மாசம் எம் பொண்ணுக்கு இந்த அட்ரஸ் மாத்திடுவேன் சார்" என்று முன்னாலிருந்து கவிதா குரல் கொடுத்தாள். தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

ஓசூர் சாலையின் நெரிசலில், லாரிகளுக்கு நடுவே, அவள் பதறாமல் ஓட்டினாள். தொம்மலூர் தாண்டி சிவாஜிநகர் நிலையத்துக்குள் நுழைந்தபோது இரண்டு வண்டிகளுக்கு இடையே ஒடுங்கிய இடம்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். தர்ஷினி எழுந்து நின்று பார்த்தாள்.

டீ குடிக்கும்போது, "இத எங்கடி கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ரிவர்ஸ்ல ஃபெயில் ஆனேன்ல, அப்ப வயித்துப் பொழப்புக்குத் தண்ணி லாரி ஓட்டப் போனேன். சந்தாபுரா சந்துல எல்லாம் லாரி திரும்பவே எடம் இருக்காதுக்கா. உள்ள போனா ரிவர்ஸ்லதான் வரணும். நாலு வருஷம் அதேதான். அன்னிக்கே பாஸ் பண்ணியிருந்தா நான் இவ்ளோ நல்லா ஓட்டியிருக்க மாட்டேன்." சிரித்தாள். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள், "தண்ணி லாரிக்கு லீவே கெடையாது. அதான்மா பொங்கலுக்குக்கூட வர முடியல."

"தெரியும்மா" என்றாள் தர்ஷினி.

மதியம் அவள் வேலை முடிந்ததும் சந்தாபுராவில் அவள் வீட்டுக்குப் போனோம். இரண்டு சின்ன அறைகள். ஜன்னலை ஒட்டிப் புதிய கட்டிலும் படிக்கிற மேசையும். மேசையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"நீயே வந்து பிரிக்கணும்னு வச்சிருக்கேன்."

தர்ஷினி மேசையைத் தொடவில்லை. "அம்மா, நான் பெரியம்மாகிட்டயே இருந்து படிச்சுக்கறேன். இங்க எனக்கு யாரையும் தெரியாது."

"என்னத் தெரியுமே" என்றாள் கவிதா.

தர்ஷினி தன் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். கவிதா, "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று தட்டுகளை எடுத்து வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு மணிக்கு எங்களோடு நிறுத்தம்வரை வந்தாள். தர்ஷினி பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.

"பஸ் ஆபீஸ்ல வேணாம்னு சொன்னப்பல்லாம் மறுபடி போய் நின்னேன்க்கா. இவகிட்ட எப்டி மறுபடி போய் நிக்கறது?"

"லீவுக்கு அனுப்பறேன்டி" என்றேன்.

"கத்தரிக்காய ஒதுக்கி வச்சாளே, பிடிக்காதா?"

"அவளுக்கு நாக்கு அரிக்கும்."

"எப்பத்துலேர்ந்து?"

"சின்னதுலேர்ந்தே."



கிருஷ்ணகிரி வண்டி வந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது, கவிதா சுற்றிக்கொண்டு ஓட்டுநரின் ஜன்னலருகே போய் அண்ணாந்து நின்றாள். "அண்ணா, நானும் டிரைவர்தான். எம் பொண்ணு வருது. பாத்துப் போங்கண்ணா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கைகாட்டினார்.

வண்டி நகர்ந்தது. அத்திப்பள்ளி வரை தர்ஷினி பின்பக்கக் கண்ணாடியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊருக்கும் சந்தாபுராவுக்கும் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான். காலையில் வந்துவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். இத்தனை வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வழியெல்லாம் மற்ற வண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அந்த ஓட்டுநர் உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓட்டினார்.